அக்கா ஏறிய மலை

தம்பிக்குக் காவலாகத்தான் நிரூபா சைக்கிள் ஓடத் தொடங்கினாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோப் பகுதியில் பஸ் ஓட்டுகிறாள். விடிய மல்வேர்ன் டிப்போவில் பஸ்ஸை எடுத்து, மார்க்கம் வீதியில் மேலும் கீழுமாக ஓடிவிட்டு வோபர்னில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால், காலை நீட்டிப் படுக்கத்தான் மனம் வரும். உடம்பை வருத்துகிற எதையும் அவள் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. சைக்கிள் பைத்தியம் அவளுடைய தம்பி பிரியந்தனுக்கு. சனி ஞாயிறுகளில் அவன் நகரத்தை விட்டே போய்விடுவான். அக்ஸ்பிரிட்ஜ் மேடுகளையெல்லாம் ஏறி இறங்கி, பின்னேரம் உப்புப் பூத்த முகத்தோடு வந்து பானையோடு சோறு சாப்பிடுவான்.

முப்பத்தைந்து வயதில் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெசினோடு கிடந்தான். தாய் குணவதியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. நிரூபாவுடையது பொருந்தியது. ஒன்றைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு உறவுக்காரரின் கலியாணங்களில் அவர்கள் இருவரையும் ஆட்கள் வேறு விதமாக அறிமுகப்படுத்தத் தொடங்கினார்கள். "இவதான் கிட்னி குடுத்த அக்கா" என்பார்கள். பிரியந்தனின் தோளில் தட்டி, "அக்காவைக் கடைசி மட்டும் மறந்திடாதை தம்பி" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டுவான். அந்தச் சிரிப்பு வரவரச் சிறுத்துக்கொண்டு போனதை நிரூபா கவனிக்கவில்லை. அவன் தட்டில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைத்தான் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பவும் சைக்கிள் ஓடலாம் என்று டாக்டர் சொன்ன கிழமையே அவன் பிரிம்லி வீதிக்குப் போனான். அந்த வீதி ஒன்ராறியோ ஏரிக்கரையில் போய் முடிகிற இடத்தில் செங்குத்தான இறக்கம் ஒன்று இருக்கிறது. இறங்குவது சுகம். திரும்பி ஏறுவதற்குத்தான் சைக்கிள்காரர் அங்கே போவார்கள். நிரூபா எச்சரிக்கை விளக்குகளை மினுக்கவிட்டபடி காரில் அவன் பின்னால் ஊர்ந்தாள். அவன் பாதியில் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, செத்தவீட்டு ஊர்வலம் மாதிரிக் கிடக்கு. தயவு செய்து வீட்டை போங்கோ."

அவள் வீட்டுக்குப் போனாள். அடுத்த கிழமை அஜின்கோர்ட்டில் ஒருவரிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் அந்த ஏற்றத்தில் கால்வாசியில் இறங்கிச் சைக்கிளை உருட்டினாள். அடுத்த முறையும் உருட்டினாள். ஆனால் விடவில்லை. குளிர்காலம் முழுவதும் வீட்டின் நிலக்கீழ் அறையில் சைக்கிளைத் தாங்கியில் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதித்தாள். பனி கரைந்ததும் திரும்பப் போய், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை ஊன்றாமல் மேலே வந்துசேர்ந்தாள். வந்து புல்லில் குந்தியிருந்து வாந்தி எடுத்தாள். பிரியந்தன் பக்கத்தில் நின்று கைதட்டினான்.

சிறுநீரக வருத்தம் வருமுன்னரே அவன் ஆசைப்பட்டு வைத்திருந்த பயணம் ஒன்று இருந்தது. இத்தாலியின் சிசிலித் தீவில், மலையும் கடலுமாக ஒரு கிழமை சைக்கிள் சுற்றுலா. இந்த மே மாதம் போகப்போகிறேன் என்று அவன் சொன்னபோது மனைவி நிலாணி பயந்துபோனாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விட்டு அவளால் போக முடியாது.

"தனிய விட எனக்கு ஏலாது அக்கா" என்றாள் நிலாணி.

"ஆர் தனிய விடுறது? நானும் போறன்" என்றாள் நிரூபா.

பிரியந்தன் எழும்பிப் போய்ச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினான்.

சுற்றுலாவின் மூன்றாம் நாள்தான் பெரிய ஏற்றம். காலையில் கடலோரத்திலிருந்து கிளம்பி, பள்ளத்தாக்கு வழியாக உள்நாட்டுக்குப் போய், பின்னேரம் மலையுச்சியில் இருக்கும் ஒரு சிற்றூரை அடைய வேண்டும். குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஐரோப்பியர். வழிகாட்டிப் பெண் முன்னால் போவாள். பயணப் பெட்டிகளை ஏற்றிய வான் ஒன்று பின்னால் வரும். அதை ஓட்டியவர் ஜஸ்ரின் என்ற, இலங்கையின் மன்னாரைச் சேர்ந்தவர். இருபது வருடமாகச் சிசிலியின் பலேர்மோ நகரத்தில் இருப்பவர். முதல் நாள் பெட்டிகளை ஏற்றும்போது நிரூபா தம்பியிடம், "உந்தப் பெட்டியைத் தூக்காதை, பாரம்" என்றது காதில் விழவும், "அட, நீங்கள் எங்கட ஆக்களோ?" என்று ஓடி வந்து இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டார்.

அன்றைய காலை நன்றாகவே இருந்தது. வீதியின் இரண்டு பக்கமும் ஒலிவ் மரங்கள். அவற்றுக்கு அப்பால் கோதுமை வயல்கள் பச்சை மாறிப் பழுக்கத் தொடங்கியிருந்தன. கற்சுவர்களை ஒட்டி ஆள் உயரத்துக்குச் சப்பாத்திக் கள்ளி. காற்றில் பெருஞ்சீரக வாசம் வந்தது. வேலியோரம் பார்த்தால் அது காட்டுச் செடியாகவே மண்டிக் கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னாலிருந்த மலை கொஞ்சம் கிட்டவும் கொஞ்சம் உயரமாகவும் தெரிந்தது. அதன் நெற்றியில் மண்நிற வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அங்கையோ போறம்?" என்று நிரூபா கேட்டாள்.

"ஓம். அங்கைதான்" என்றான் பிரியந்தன். அவன் குரலில் பழைய சந்தோஷம் இருந்தது.

அவன் அவளுக்குப் பின்னால் வந்தான். தன் சைக்கிளின் இடது கைப்பிடியில் அவள் சிறிய கண்ணாடி ஒன்று பூட்டியிருந்தாள். பஸ் ஓட்டுபவளுக்குக் கண்ணாடி பார்க்காமல் இருக்க முடியாது. அதில் தம்பியின் முகம் தெரியும்வரை அவளுக்குக் கவலை இல்லை. அவனுடைய மருந்துப் பையும் அவளிடம்தான் இருந்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் நாளுக்கு இரண்டு தரம், நேரம் தவறாமல் மாத்திரை போட வேண்டும். ஒரு கிழமைப் பயணம்தானே என்று ரொறன்ரோ நேரத்தையே பிடித்துக்கொண்டார்கள். அது இங்கே விடிய நாலு மணி, பின்னேரம் நாலு மணி என்று வந்தது.

"கிறீம் பூசினியோ? வெயில் உனக்குக் கூடாது."

"பூசினன்."

"தண்ணி?"

"குடிச்சன் அக்கா."

"போத்தலைக் காட்டு பாப்பம்."

அவன் காட்டினான்.

ஏற்றம் தொடங்குகிற சந்தியில் ஒரு கிழவி ஆரஞ்சு நிறத் தோடம்பழங்களைக் குவித்து வைத்துச் சாறு பிழிந்து விற்றுக்கொண்டிருந்தார். குழுவில் முன்னால் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். பிரியந்தன் ஒரு கிளாஸை வாங்கி வாயருகே கொண்டுபோனான். குவியலின் ஓரத்தில் பெரிய மஞ்சள் பழங்கள் சில கிடந்ததை நிரூபா அப்போதுதான் கண்டாள். அவை கிரேப்ஃபுரூட் போலத் தெரிந்தன; அவனுடைய மருந்துக்கு அந்தப் பழம் ஆகாது. மருந்தின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும் என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"குடிக்காதை!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து அவன் கையிலிருந்த கிளாஸைப் பறித்தாள். சாறு அவன் சட்டையில் வழிந்தது. கிழவி பயந்துபோய்க் கத்தியைக் கீழே வைத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரியந்தன் சட்டையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதோ? முதல் வேலையா நான் அவவிட்டை அதைத்தான் கேட்டனான். தோடம்பழம் மட்டும்தான் பிழியச் சொன்னனான். எனக்கு முன்னாலதான் பிழிஞ்சவ."

"நீ கேட்டதை நான் காணேல்லையே தம்பி."

"எல்லாத்தையும் நீங்கள் காணவேணுமோ?" அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளை இன்னும் கூடச் சுட்டது. "உங்கட சாமானை நான் பழுதாக்கிப் போடுவன் எண்டு பயம். அதுதானே?"

"என்ன கதை கதைக்கிறாய்?"

"இண்டைக்கு ஒரு நாள் என்னைப் பாக்காதேங்கோ அக்கா. மேல சந்திப்பம்."

அவன் கிளம்பிவிட்டான். இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். இரண்டு திருப்பத்துக்குப் பிறகு அவனுடைய நீலச் சட்டை ஒலிவ் மரங்களுக்குள் மறைந்தது.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். நிரூபா கடைசியில் புறப்பட்டாள். முதலில் கோபத்தில் மிதித்தாள். 'சாமான்' என்ற சொல் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். வெறும் வீதி தெரிந்தது. கோபத்தில் மிதித்தால் மூச்சு சீக்கிரம் போய்விடும். மூன்றாவது திருப்பத்தில் நிழலைக் கண்டு நின்றாள். தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டியபோது முன்னால் கட்டியிருந்த பையில் கை முட்டியது.

மருந்து!

கைத்தொலைபேசியை எடுத்தாள். தம்பியின் இலக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் அவன் அதை சார்ஜ் போடச் சொல்லி வானுக்குள் கொடுத்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஜஸ்ரினை அழைத்தாள்.

"அக்கா, எங்கட குழுவில பின்னுக்கு வந்த ஒல்லாந்து மனுசி சந்திக்கு வரமுந்தியே சறுக்கி விழுந்து மணிக்கட்டை அடிச்சுப் போட்டா. கீழ டவுனுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். டாக்குத்தர் பாக்கிறார். எப்பிடியும் ஒரு மணித்தியாலம் செல்லும். ஏன், ஏதும் பிரச்சினையோ?"

அவள் சொன்னாள்.

"நான் ஏலுமான கெதியா வாறன்" என்றார் அவர்.

நிரூபா மேலே பார்த்தாள். வீடுகள் இன்னும் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தன. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவளுடைய வேகத்துக்கு அது போதாது. பிந்தினால் ஞாபகம் வந்த உடனே போடலாம், ஒரு முறை பிந்துவதால் ஒன்றும் நடந்துவிடாது என்று தாதி சொன்னதும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? மெசினோடு படுத்துக்கிடந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

கியரைக் கடைசிக்குக் குறைத்தாள். "போ" என்று தனக்குத்தானே சொன்னாள்.

வெயில் முதுகில் ஏறியது. தாரிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. அவள் தொலைவைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்சில்லுக்கு முன்னாலிருந்த வீதியை மட்டும் பார்த்தாள். அந்தக் கல் மட்டும். பிறகு அந்த வெடிப்பு மட்டும். அப்படிக் குனிந்தே ஓடியதில் வழிகாட்டும் அம்புக்குறி ஒன்றைத் தவறவிட்டாள். வீதி திடீரென்று இறங்கத் தொடங்கியபோது முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு தார் முடிந்து பரல்கல் வந்தது. அதற்கும் பிறகு பாதையை மறித்து ஒரு இரும்புப் படலை வந்தது. படலைக்குப் பின்னால் ஆடுகள் நின்று அவளைப் பார்த்தன. வழி முடிந்துவிட்டது.

"ஐயோ, கடவுளே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இறங்கிவந்த அவ்வளவும் பரல்கல்லில் திரும்ப ஏற வேண்டும். பின்சில்லு சுழன்று சறுக்கியது. ஒரு முறை பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். முழங்கை உரசி இரத்தம் கசிந்தது. அவள் முதலில் பையைத்தான் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழும்பிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினாள். தார் வீதியைக் கண்டதும் ஒரு கணம்கூட நிற்காமல் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். தொடைகள் நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டாள்.

அப்போதுதான் பின்னால் வான் ஒலி எழுப்பியது. ஜஸ்ரின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒல்லாந்துப் பெண் முன் இருக்கையில் கட்டுப்போட்ட கையோடு இருந்தார்.

"ஏறுங்கோ அக்கா. சைக்கிளை மேல கட்டிறன். பத்து நிமிசத்தில அங்கை நிப்பம்."

பின்கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து அவள் முகத்தில் பட்டது. நிரூபா ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தும்விட்டாள். ஏறினால் நாலு மணியை ஒட்டிப் போய்விடலாம். தம்பி மாத்திரையைப் போடுவதைத் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

எல்லாத்தையும் நீங்கள் காணவேணுமோ?

காலைத் திரும்ப எடுத்தாள். கைப்பிடியிலிருந்த பையைக் கழற்றப் பார்த்தாள். வியர்வைக் கையில் பையின் கொளுவி சறுக்கியது. இரண்டு முறை முயன்று கழற்றி ஜஸ்ரினிடம் நீட்டினாள்.

"இதை அவனிட்டைக் குடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"நீங்கள்?"

"நான் ஓடி வாறன்."

"அக்கா, கடைசித் துண்டுதான் சரியான மோசம். இஞ்சத்தைப் பொடியளே இறங்கி உருட்டுவாங்கள்."

"ஓம், ஜஸ்ரின். நான் வாறன்."

அவர் அவளுடைய முழங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வான் திருப்பத்தில் மறைந்ததும் சுற்றிலும் சத்தமே இல்லை. மலையில் எங்கேயோ ஆட்டுமணி ஒன்று மட்டும் கேட்டது.

இனி அவள் யாருக்காகவும் ஏறத் தேவையில்லை. வீதியோரத்தில் படுத்துவிட்டாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். சிறுநீரகம் கொடுத்த பிறகு வந்த இந்த இரண்டு வருடத்தில் அவள் காலையில் எழும்பி முதலில் நினைத்ததும், படுக்கும்போது கடைசியாக நினைத்ததும் தம்பியின் உடம்பைத்தான். இப்போது அதைப் பற்றிச் செய்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேயே பெடலில் காலை வைத்தாள்.

கடைசித் துண்டு ஜஸ்ரின் சொன்னதைவிட மோசமாக இருந்தது. வீதி ஒடுங்கி, கல் பதித்த தெருவாக மாறி, நெஞ்சுக்கு நேரே எழும்பி நின்றது. நிரூபா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வளைத்து வளைத்து ஏறினாள். மூச்சு இரைச்சலாக வந்தது. முதலாவது வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் எழும்பி நின்று, விளங்காத பாஷையில் ஏதோ சொல்லிக் கையை மேல்நோக்கி வீசினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

மேலேயிருந்து ஒரு சைக்கிள் இறங்கி வந்தது. நீலச் சட்டை.

"அக்கா! முழங்கைக்கு என்ன நடந்தது? நில்லுங்கோ, நான் தள்ளிறன்."

"தொடாதை!"

"தண்ணியாவது குடியுங்கோ."

"தொடவேண்டாம். கதையாதை. நீ போ."

பிரியந்தன் சைக்கிளிலிருந்து இறங்கிச் சுவரோடு ஒதுங்கி நின்றான். அவள் அவனைக் கடந்து போனாள். பின்னால் அவன் சைக்கிளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளிடம் மூச்சு இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கடைசி வளைவு. ஒரு தேவாலயத்தின் படிகள். பிறகு தெரு சமதரையாகி, திடீரென்று வானம் திறந்தது. குழுவில் வந்தவர்கள் கோப்பிக் கடை வாசலிலிருந்து எழும்பிக் கூச்சல் போட்டார்கள். ஜஸ்ரின் விசில் அடித்தார். நிரூபா சதுக்கத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி, இறங்கத் தெரியாமல் அப்படியே அதன்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சதுக்கத்தின் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. வெகு தொலைவில் கடல் தகடுபோல மினுங்கியது. பிரியந்தன் அவளுடைய முழங்கையைக் கழுவி மருந்து பூசினான்.

"மாத்திரை போட்டியோ?" கேட்காமல் இருக்க அவள் முயன்றுதான் பார்த்தாள்.

"போட்டிட்டன். ஜஸ்ரின் அண்ணை வரமுந்தியே போட்டிட்டன்."

"எப்பிடி?"

"என்ர சட்டைப் பொக்கற்றில எப்பவும் ஒரு நாளைக்குரியது கிடக்கும் அக்கா. முதல் நாளிலயிருந்து வைச்சிருக்கிறன்."

நிரூபாவுக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. "அப்ப ஏன் என்னைக் கொண்டுவர விட்டனீ?"

"உங்களுக்கு அது நிம்மதி எண்டு நினைச்சன்."

அவள் முழங்கையில் பூசிய மருந்தை ஊதினாள்.

"நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. சாமான் எண்டு" என்றான் அவன். "ஆனா அக்கா, எங்கை போனாலும் நான் வாங்கினவன். ஒரு பிளேன்ரீ குடிச்சாலும் வாங்கினவன்தான் குடிக்கிறான். உயிரோட இருக்க எனக்கும் ஆசைதானே? அதை நான் பாத்துக்கொள்ள மாட்டனோ?"

"நீ மெசினில கிடக்கேக்கை உன்ர கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருக்கும்" என்றாள் நிரூபா. "நான்தான் பிடிச்சுக்கொண்டிருப்பன். அந்தக் குளிர் என்ர கையை விட்டுப் போகுதில்லை, தம்பி. நான் என்ன செய்ய?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் ஏன் மூண்டு நாளும் உங்களுக்குப் பின்னால ஓடினனான் எண்டு தெரியுமோ?"

"நான்தானே சொன்னனான், கண்ணாடியில தெரியவேணும் எண்டு."

"நீங்கள் சொன்னபடியால் இல்லை. இப்ப உங்களுக்கும் ஒரு கிட்னிதான் இருக்கு. அதை ஒருத்தரும் கேக்கிறதில்லை. நீங்களும் நினைக்கிறதில்லை. நான் பின்னால வந்து, நீங்கள் தண்ணி குடிக்கிறியளோ, தள்ளாடிறியளோ எண்டு பாத்துக்கொண்டு வந்தனான். இண்டைக்குக் கோவத்தில விட்டிட்டு வந்திட்டன். வழியெல்லாம் எனக்கு அதுதான் யோசனை. ஜஸ்ரின் அண்ணை வந்து, அக்கா விழுந்து எழும்பி ஓடி வாறா எண்டு சொன்னவுடனே இறங்கி வந்தனான்."

நிரூபாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்கக் கையைத் தூக்கினாள். முழங்கை வலித்ததில் "ஆ" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவளுடைய சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை. நடுவில் அழுகையாகவும் வந்தது. அவன் அது முடியும்வரை பக்கத்தில் இருந்தான்.

"அந்தப் பையை நீயே வைச்சிரு" என்றாள் கடைசியில். "இனி நான் கொண்டுவரேல்லை."

"சரி."

"பிறகும் கேப்பன். கேளாமல் இருக்க எனக்கு வராது."

"கேளுங்கோ. நானும் உங்களைக் கேப்பன். சொல்லவேணும்."

"ம்."

மறுநாள் காலை, மலையின் மறுபக்கம் இறங்கிப் போகிற பாதை. காலை உணவுக்கு வந்தபோது பிரியந்தன் கதிரையைப் பிடித்துப் பிடித்து நடந்தான்.

"கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு அக்கா. நேற்று உங்களுக்குக் காட்டவெண்டு ஓவரா மிதிச்சிட்டன். இண்டைக்கு நான் ஜஸ்ரின் அண்ணையோட வானில வாறன். நீங்களும் வாறியளோ?"

நிரூபா தன் கால்களை நீட்டிப் பார்த்தாள். அவையும் வலித்தன. ஜன்னலுக்கு வெளியே வீதி இறங்கி, ஒரு பாலத்தைக் கடந்து, அப்பாலிருந்த அடுத்த குன்றில் ஏறிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றாள். "நான் ஓடப்போறன்."

ஹெல்மெற்றை எடுத்து வாரை இறுக்கிக்கொண்டு வெளியே போனாள். குழு ஏற்கனவே புறப்பட்டுக்கொண்டிருந்தது. வழிகாட்டிப் பெண் கையைக் காட்டினாள். நிரூபா சைக்கிளில் ஏறி, இன்றைக்கு முன்வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.